அடல்ட் என்றால் வயதா, நடத்தையா?

கேள்விக்குறி:
எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் அடல்ட் என்ற சொல்லைப் பற்றி ஒரு சந்தேகம். அகராதியைத் திறந்தால் 'முழுதாக வளர்ந்தவர், வயது வந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புழக்கத்தில் அது படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. அடல்ட் எஜுகேஷன் என்றால் கௌரவமான சங்கதி. அடல்ட் கன்டென்ட் என்றால் முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டிய சங்கதி. 'பிஹேவ் லைக் அன் அடல்ட்' என்று ஒருவரிடம் சொன்னால் அது வசவு, அதுவும் வாங்குகிறவருக்கு நாற்பது வயது ஆகியிருக்கும்.

'ஹி இஸ் அன் அடல்ட் பட் நாட் மெச்சூர்' என்று எழுதலாமா, இல்லை அது தன்னையே வெட்டிக்கொள்ளும் வாக்கியமா? சொல்லின் வேர் என்ன? அடல்ட்டரி, அதாவது மணத்துக்கு வெளியே வைக்கும் உறவு, என்பதும் இதிலிருந்து கிளைத்ததுதானா?

ஊர்க்குருவி:
கடைசிக் கேள்வியை நான் எடுத்துக்கிறேன். ஆமாம், ஒரே குடும்பம்தான். வளர்ந்தவங்க பண்ற தப்பு அடல்ட்டரி. சின்னப் பசங்க பண்ண முடியுமா? இதுக்கெல்லாம் அகராதி எதுக்குங்க, பொது அறிவு போதும்.

வேர்ப்பித்தன்:
ஊர்க்குருவி, பொது அறிவை மட்டும் நம்பி வேர் தேடினால் இப்படித்தான் அடுத்த வீட்டு மரத்தைத் தோண்டிக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அடல்ட்டரி வந்தது லத்தீனின் 'அடுல்ட்டெராரே' என்ற வினையிலிருந்து. பொருள் கெடுத்தல், கலப்படம் செய்தல். அதற்குள் ஒளிந்திருப்பது 'ஆல்ட்டெர்', அதாவது 'மற்றது, வேறொன்று'. கலப்படத்தை ஆங்கிலத்தில் அடல்ட்டரேஷன் என்கிறோமே, அதுதான் இதன் கூடப்பிறந்தது. ஆல்ட்டர், ஆல்ட்டர்நேட்டிவ் எல்லாம் அந்தப் பக்கத்து உறவு. சுவாரஸ்யம் என்னவென்றால், இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்து 'அவூட்ரி' என்ற உருவில்தான் புழங்கியது. அடல்ட்டின் சாயலே அதில் கிடையாது. பிற்பாடு லத்தீன் படித்தவர்கள் மூலத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்தியதால்தான் இன்றைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன.

அடல்ட்டின் வழி வேறு. லத்தீனில் 'ஆலெரே' என்றால் ஊட்டி வளர்த்தல். அதிலிருந்து 'அடோலெஸ்கெரே', படிப்படியாக வளர்ந்து வருதல். இந்த வினையில் 'வளர்ந்துகொண்டிருக்கிற' என்று நிகழ்காலத்தில் சொன்னால் 'அடோலெஸ்கென்ஸ்'. 'வளர்ந்த' என்று இறந்தகாலத்தில் சொன்னால் 'அடுல்ட்டுஸ்'. முன்னது ஆங்கிலத்தில் அடலசென்ட் ஆனது, பின்னது அடல்ட் ஆனது. விடலைக்கும் பெரியவனுக்கும் நடுவில் இருப்பது ஒரு கால விகுதி மட்டும்தான்! எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

ஆலெரே பெற்ற மற்ற பிள்ளைகளையும் பாருங்கள். விவாகரத்தில் கொடுக்கும் ஜீவனாம்சம் அலிமோனி. படித்த இடத்தைச் சொல்லும் அல்மா மேட்டர், 'ஊட்டும் தாய்'. அங்கே படித்து வெளியேறிய அலும்னை, 'ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள்'. எல்லாவற்றிலும் யாரோ யாருக்கோ சோறு போடுகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், லத்தீனுக்கும் ஜெர்மானிய மொழிகளுக்கும் பொதுவான மூத்த வேர் ஒன்று இருக்கிறது. அந்த வேரே ஜெர்மானியப் பக்கம் போய் ஓல்ட், எல்டர் ஆகியவற்றைத் தந்தது. வேர்ல்ட் என்ற சொல்லின் பின்பாதிகூட அதுதான். அதன் பழைய பொருள் 'மனிதனின் காலம்'. ஆக ஓல்டும் அடல்ட்டும் தூரத்துப் பங்காளிகள். ஒன்று வீட்டிலேயே வளர்ந்தது, இன்னொன்று லத்தீன் வீட்டில் வளர்ந்து பிற்பாடு வந்து சேர்ந்தது.

கேள்விக்குறி:
அருமை, நன்றி. ஆனால் 'வளர்ந்தவன்' என்பதில் உடம்பு மட்டும்தானே இருக்கிறது? புத்தி, பொறுப்பு எல்லாம் இந்தச் சொல்லுக்குள் எப்போது நுழைந்தது? பிற்காலத்து ஒட்டா?

வேர்ப்பித்தன்:
எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதலில் வயது, பிறகு மெல்ல நடத்தை என்று. பதிவுகளைப் பார்த்தால் அப்படி இல்லை.

இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் மிக முன்னதாக எழுதியவர்களில் ஒருவர் சர் தாமஸ் எலியட். 1531இல், ஆட்சிப் பொறுப்புக்கு வருகிறவர்களை எப்படி வளர்க்க வேண்டும் என்று அவர் எழுதிய நூலில் வருகிறது. எலியட்டுக்கு லத்தீன் சொற்களை ஆங்கிலத்துக்குள் கொண்டுவருவதில் தனி ஆர்வம். புதுச் சொல்லைப் போட்டுவிட்டு, வாசகன் தடுமாறக் கூடாது என்று பக்கத்திலேயே விளக்கமும் கொடுப்பார். அடல்ட்டுக்கு அவர் கொடுத்த விளக்கம் இதுதான்: பிள்ளைப் பருவத்தைக் கடந்தவர்கள், நடத்தையிலும் சரி, வருடங்களிலும் சரி.

வரிசையைக் கவனியுங்கள். நடத்தை முதலில், வருடம் அடுத்து. ஆங்கிலத்தில் கால் வைத்த காலத்திலேயே இரண்டு பொருளும் கூடவே வந்தாகிவிட்டது. 'வயசுதான் அசல் அர்த்தம், மற்றதெல்லாம் பேச்சு வழக்கு' என்பவர்கள் எலியட்டுக்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று, வந்த உடனே இந்தச் சொல் பரவவில்லை. நூறு வருடத்துக்கு மேல் அது படித்தவர்களின் சொல்லாகத்தான் இருந்தது. 1611இன் கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், எபிரெயருக்கு எழுதிய கடிதத்தில், கெட்டியான உணவு யாருக்கு என்று சொல்லும் இடத்தில் 'ஆஃப் ஃபுல் ஏஜ்' என்றுதான் இருக்கிறது. 1662இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் வழிபாட்டு நூலைத் திருத்தியபோது வளர்ந்தவர்களுக்கான ஞானஸ்நான முறையைப் புதிதாகச் சேர்த்தது. இன்று யாரானாலும் அடல்ட் பாப்டிசம் என்பார்கள். அதில் தலைப்பு 'ரைப்பர் இயர்ஸ்' உடையவர்களுக்கான ஞானஸ்நானம். கனிந்த வருடங்கள்! அடல்ட்டை விட அழகான சொல், என்னைக் கேட்டால்.

நிதானம்:
வேர்ப்பித்தன் சார் சொல்வது இலக்கியத்துக்குச் சரி. நான் சட்டம் படித்தவன். எங்களுக்கு நடத்தையை அளக்கத் தராசு கிடையாது, பிறந்த தேதிதான் உண்டு. பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மைனர், மறுநாள் மேஜர். இடையில் ஒரு ராத்திரியில் ஞானம் வந்துவிட்டதா என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை.

அந்த எண்ணும் கல்வெட்டு அல்ல. இங்கிலாந்தில் நீண்ட காலம் 21. குடும்பச் சட்டத் திருத்தம் 1969இல் நிறைவேறி, 1970 ஜனவரி 1 முதல் 18 ஆனது. ஜப்பானில் 20ஆக இருந்ததை 2022 ஏப்ரல் 1இல் 18 ஆக்கினார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 18, அலபாமா, நெப்ராஸ்கா இரண்டிலும் 19, மிசிசிப்பியில் 21. ஒரே நாட்டில் மாநில எல்லையைத் தாண்டினால் ஒருவன் அடல்ட் ஆகலாம், திரும்பி வந்தால் மறுபடி பிள்ளை ஆகலாம்.

இதில் ஒரு வேடிக்கை. 1969 வரை இங்கிலாந்துச் சட்டத்தில் 21 நிரம்பாத எல்லோருக்கும் பெயர் 'இன்ஃபன்ட்'. இருபது வயதுக் கல்லூரி மாணவன் ஒப்பந்தம் போட்டால் வழக்கில் அவன் இன்ஃபன்ட். லத்தீனில் அதன் பொருள் 'பேச்சு வராதது'. அந்த 1969ஆம் ஆண்டுச் சட்டம்தான், இனி இன்ஃபன்ட் என்பதற்குப் பதிலாக மைனர் என்று குறிப்பிடலாம் என்று ஒரு பிரிவே வைத்தது. அதே சட்டத்தில் மறுபக்கத்துக்கு வைத்த சொல் என்ன தெரியுமா? அங்கேயும் 'ஃபுல் ஏஜ்'தான். சட்டம் எழுதுகிறவர்கள் அடல்ட் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை.

வேர்ப்பித்தன்:
நிதானம், நல்ல தகவல். ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் பலம். எண் ஊருக்கு ஊர் மாறுகிறது என்றால் சொல்லின் பொருள் எண்ணில் இல்லை.

ரோமர்களைக் கேளுங்கள். வர்ரோ என்ற அறிஞர் மனித வாழ்வைப் பதினைந்து பதினைந்து வருடமாக வெட்டினார். 15 வரை 'புவெர்', சிறுவன். 30 வரை 'அடோலெஸ்கென்ஸ்'. 45 வரை 'யுவெனிஸ்', இளைஞன். 60 வரை 'செனியோர்', பிறகு 'செனெக்ஸ்', கிழவன். இந்தக் கணக்கில் நாற்பது வயதுக்காரர் இளைஞர். இதுவே பரவாயில்லை. ரோமப் பேச்சாளர் சிசரோ, தன் அரசியல் எதிரி மார்க் ஆன்டனியைத் தாக்கிய உரை ஒன்றில், இளைஞனாக இருந்தபோது குடியரசைக் காத்தேன், கிழவனாகி அதைக் கைவிடமாட்டேன் என்கிறார். 'இளைஞனாக' என்பதற்கு அவர் போட்ட சொல் அடோலெஸ்கென்ஸ். அவர் குறிப்பிடுவது, ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் தான் இருந்த கி.மு. 63ஐ. பிறந்தது கி.மு. 106. நாற்பத்து மூன்று வயது அடலசென்ட்!

இன்றைக்கு அடலசென்ட் என்றால் பருக்கள் முளைத்த முகம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் லத்தீன் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1904இல் விடலைப் பருவத்தைப் பற்றி எழுதிய பெரிய நூல் அந்தச் சொல்லை அந்த வயதோடு ஒட்டவைத்ததில் முக்கியமானது. உலக சுகாதார நிறுவனம் இப்போது 10 முதல் 19 வரை என்று வைத்திருக்கிறது. சிசரோ பார்த்தால் சிரிப்பார்.

ஊர்க்குருவி:
அடல்ட்டரி விஷயம் போகட்டும், விடுங்க. இவ்வளவு சண்டை எதுக்கு? மூளை 25 வயசுலதான் முழுசா வளருதுன்னு விஞ்ஞானமே சொல்லுதே. அப்ப 25தான் அடல்ட். முடிஞ்சது கதை.

தும்பி:
முடியவில்லை, ஊர்க்குருவி. உயிரியல் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன்.

திட்டமிடுதல், உந்துதலைக் கட்டுப்படுத்துதல் போன்றவற்றில் பங்குகொள்ளும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரையிலும் மாறிக்கொண்டிருக்கிறது என்பது சரி. ஆனால் 25ஆம் பிறந்தநாளில் மணி அடித்து வேலை முடிந்தது என்று எந்த ஸ்கேனும் காட்டவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம், மூளையின் பகுதிக்குப் பகுதி வித்தியாசம். 'இருபதுகளின் நடுவில்' என்ற மங்கலான கோடு சமூக ஊடகத்தில் 25 என்ற கறாரான எண்ணாகிவிட்டது, அவ்வளவுதான்.

உயிரியலில் அடல்ட் என்றால் இனப்பெருக்கம் செய்யும் நிலையை அடைந்த உயிர். புத்தி, பொறுப்பு எதுவும் வேண்டாம். மிகச் சுத்தமான வரையறை என்று தோன்றும். பூச்சிகளிடம் போனால் அதுவும் ஆட்டம் காண்கிறது.

மேஃபிளை என்ற பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வந்து தண்ணீருக்கு அடியில் இளம்பூச்சியாகப் பல மாதங்கள் இருக்கும், சில இனங்களில் இரண்டு வருடம் வரைகூட. அந்தக் காலம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். பிறகு மேலே வந்து தோல் உரித்து, இறக்கை முளைத்து, இன்னொரு முறையும் தோல் உரித்து அடல்ட் ஆகும். இறக்கை வந்த பிறகும் தோல் உரிக்கும் பூச்சி வகை இது ஒன்றுதான். அடல்ட் ஆனபின் பெரும்பாலும் ஓரிரு நாள், பல இனங்களுக்குச் சில மணி நேரம். அந்த நேரத்தில் அது எதுவும் சாப்பிடாது. வாய் உறுப்புகள் வேலை செய்யாத நிலையில்தான் இருக்கும். வேர்ப்பித்தன் சொன்ன 'ஊட்டுதல்' வேர் நினைவிருக்கிறதா? இந்தப் பூச்சிக்கு அடல்ட் ஆவது என்றால் சோறு நின்றுபோவது.

எதிர்ப்பக்கம் ஆக்சலாட்டல். மெக்சிகோவின் ஏரியில் வாழும் சாலமாண்டர், பார்க்கப் பல்லி போல இருக்கும் நீர்நில வாழ்வி. இதன் சொந்தங்கள் வளர்ந்ததும் செவுளை இழந்து தரைக்கு ஏறும். இது ஏறாது. வெளியே தெரியும் செவுளோடு, தலைப்பிரட்டைப் பருவத்து உடம்போடு தண்ணீரிலேயே இருந்துகொண்டு குட்டியும் போட... மன்னிக்கவும், முட்டையும் இட்டுவிடும். தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் தரை விலங்காக மாறவும் முடியும். இதை அடல்ட் என்பதா, இல்லையா? இனப்பெருக்கத்தைக் கேட்டால் ஆம், உடம்பைக் கேட்டால் இன்னும் பிள்ளை. நிதானம் சாருடைய மைனர் மேஜர் கோடு இங்கே செல்லாது.

நிதானம்:
தும்பி, ஆக்சலாட்டலுக்கு ஒப்பந்தம் போடும் உரிமை கேட்டு யாராவது வழக்குத் தொடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாக்பீஸ்:
நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வேரும் பூச்சியும் இருக்கட்டும், கேள்விக்குறி கேட்ட வாக்கியம் அப்படியே தொங்குகிறது.

'ஹி இஸ் அன் அடல்ட் பட் நாட் மெச்சூர்' என்பது முரண் இல்லை, நல்ல ஆங்கிலம்தான். அடல்ட் பெயர்ச்சொல்லாக வரும்போது வயதுப் பக்கம் சாயும். அதே சொல் உரிச்சொல்லாக வந்தால் நடத்தைப் பக்கம் சாயலாம். 'தட் வாஸ் எ வெரி அடல்ட் ரெஸ்பான்ஸ்' என்றால் பக்குவமான பதில். அந்த 'வெரி' முக்கியம். வயதுக்கு வெரி போட முடியாது, 'வெரி அடல்ட்' என்றாலே குணம்தான். மெச்சூரோ எப்போதும் கூடக்குறைய வரும் சொல். மோர் மெச்சூர், லெஸ் மெச்சூர் சகஜம். அதனால் 'மெச்சூர் சைல்ட்' சொல்லலாம், 'அடல்ட் சைல்ட்' என்றால் வேறு பொருள் ஆகிவிடும்.

மெச்சூரின் மூலம் 'மாத்தூருஸ்', கனிந்தது, உரிய காலத்தில் வந்தது. அதனால்தான் காலத்துக்கு முந்தியது பிரிமெச்சூர். பத்திரமோ வைப்புத்தொகையோ மெச்சூர் ஆகிறது என்கிறோம். அது வளர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை, நேரம் வந்துவிட்டது என்று பொருள். அடல்ட்டுக்கு இந்த வேலை வராது.

இன்னொரு வித்தியாசம் நாகரிகம் சம்பந்தப்பட்டது. மெச்சூர் என்பதை 'வயதானவர்' என்பதற்கு மென்மையான மாற்றாகப் போடுவார்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு தொடங்கும்போது 21 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் மெச்சூர் ஸ்டூடன்ட். 21 வயதுப் பிள்ளைக்கு இந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம்தான். அடல்ட் ஒருபோதும் முதுமையைக் குறிக்காது. அந்த வகையில் அடல்ட் எஜுகேஷனை 'முதியோர் கல்வி' என்று சொல்லி வைத்திருக்கிறோமே, முப்பது வயதுக்காரர் அதைக் கேட்டால் முறைப்பார். 'வயது வந்தோர் கல்வி' பொருத்தம்.

ஆபாசப் பொருளுக்கு வருகிறேன். 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற தடுப்புப் பலகைதான் உள்ளே இருக்கும் சரக்குக்கே பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் இந்த மறைமொழி 1950களின் பிற்பகுதியில் தலை காட்டுகிறது. வீடியோ கேம்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் தரக்குறியீட்டில் இந்த இரண்டு சொல்லுமே இருக்கின்றன: 'மெச்சூர்' என்றால் 17 வயதும் மேலும், 'அடல்ட்ஸ் ஒன்லி' என்றால் 18 வயதும் மேலும். பக்குவம் ஒரு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறதாம்.

'யங் அடல்ட்' இருக்கிறதே, அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். நூலகத்தில் அந்த அலமாரி 12 முதல் 18 வயதுக்காரர்களுக்கு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 'அடலசென்ட் அண்ட் யங் அடல்ட்' என்று 15 முதல் 39 வரை எடுத்துக்கொள்கிறது. உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் 18 முதல் 25 வரையிலான கட்டத்துக்கு 'எமர்ஜிங் அடல்ட்ஹுட்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார். அவருடைய ஆய்வுகளில், நீ பெரியவன் ஆனதற்கு அடையாளம் எது என்று கேட்டால் இளைஞர்கள் முன்னால் வைப்பவை: தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானாக முடிவெடுப்பது, பணத்துக்கு யாரையும் சாராதிருப்பது. ஒன்றில்கூடப் பிறந்த தேதி இல்லை.

வேர்ப்பித்தன்:
எலியட் கட்சிக்கு இன்னொரு ஓட்டு!

நிதானம்:
வேர்ப்பித்தன் சார், அந்த இளைஞர்கள் ஓட்டுப் போட உரிமை வந்ததே வயதை வைத்துத்தான். நடத்தையை வைத்து மேஜர் யார் என்று தீர்மானித்தால், தீர்மானிக்கிறவர் யார் என்ற கேள்வி வரும். 'உனக்கு இன்னும் பக்குவம் போதாது' என்று சொல்லி ஒருவரின் சொத்தையும் சொல்லையும் பறித்துவைத்த கதைகள் சட்ட வரலாற்றில் ஏராளம். ரோமச் சட்டத்திலேயே 25 நிரம்பாதவர்கள் பேரத்தில் ஏமாறாமல் இருக்கத் தனிப் பாதுகாப்பு இருந்தது, அதுவும் எண்தான். எண் முரட்டுத்தனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் பார்க்காது. என் வரையில் சொல்லின் நடத்தைப் பொருளைப் பேச்சோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் பாதுகாப்பு.

வேர்ப்பித்தன்:
அதை நான் மறுக்கவில்லை. நீதிமன்றத்தில் எண் இருக்கட்டும். நான் சொல்வது, நாற்பது வயதுக்காரரைப் பார்த்து 'அடல்ட் மாதிரி நடந்துகொள்' என்று சொல்பவர் சொல்லைத் திரித்துப் பேசவில்லை, 1531இன் பொருளில் சரியாகத்தான் பேசுகிறார் என்பதுதான்.

ஊர்க்குருவி:
இப்ப பசங்க 'அடல்டிங்'னு சொல்றாங்களே, கரண்ட் பில் கட்டினேன், அடல்டிங் பண்ணினேன்னு. அது தப்பான இங்கிலீஷா?

சாக்பீஸ்:
தப்பில்லை, கேலிக்கான இங்கிலீஷ். பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்குவது ஆங்கிலத்துக்குப் பழைய பழக்கம். இது 2010களில் இணையத்தில் பரவியது. பில் கட்டுவதை ஒரு சாதனையாகச் சொல்லும்போதே, இது என் இயல்பு இல்லை, சும்மா வேஷம் என்ற கிண்டல் அதில் உண்டு. வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

கேள்விக்குறி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக இரண்டு. உச்சரிப்பில் அழுத்தம் எங்கே? அப்புறம், சாக்பீஸ் 'அடல்ட் சைல்ட்' என்றால் வேறு பொருள் என்றீர்களே, அது என்ன?

சாக்பீஸ்:
பிரிட்டனில் முதல் அசையில் அழுத்துவார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாவதில். இரண்டும் சரி. ரெக்கார்ட் என்ற சொல்லில் அழுத்தம் மாறினால் பெயர்ச்சொல் வினையாகிவிடும் அல்லவா, இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலந்து வாசிக்காமல் இருந்தால் போதும்.

'அடல்ட் சில்ட்ரன்' என்றால் பெரியவர்கள் போல நடந்துகொள்ளும் குழந்தைகள் இல்லை. வளர்ந்துவிட்ட மகன், மகள். ஆங்கிலத்தில் சைல்ட் என்பது வயதையும் சொல்லும், பெற்றோருக்கு என்ன உறவு என்பதையும் சொல்லும். இங்கே உறவைச் சொல்கிறது. 'ஷி லிவ்ஸ் வித் ஹெர் டூ அடல்ட் சில்ட்ரன்' என்று எழுதினால் அந்த அம்மாளுக்கு அறுபது வயதும் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்தும் இருக்கலாம். குழந்தைகள் பெரிய மனுஷத்தனமாகப் பேசுவதைச் சொல்ல வேண்டுமென்றால் மெச்சூர் போடுங்கள். அதுவே அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் பிரிகோஷஸ்.